உங்களுக்குத் தெரியுமா? சாவு வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே மண்டபம் பார்க்கிறோம். சாவு நேர்ந்தால் சில மணி நேரத்தில் அத்தனையும் முடிவாக வேண்டும்: டாக்டர் சான்று, அமரர் ஊர்தி, எரிப்பதா புதைப்பதா, எந்த மயானம், யார் கொள்ளி வைப்பது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் இதையெல்லாம் விசாரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. தெரியாமல் விடுவதால் பணம் போகிறது, உரிமை போகிறது, கண் தானம் போன்ற நல்ல வாய்ப்பும் கை நழுவுகிறது. அமைதியான ஒரு நாளில் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் பேசிவிடுங்கள்.

முதல் சில மணி நேரம்

நாடிக்கட்டு ஏன்? உயிர் பிரிந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும். தாடையும் கழுத்தும் முதலில் இறுகும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் விறைத்துவிடும். பிறகு மெல்லத் தளரும். நம் ஊர் வெயிலில் இவை எல்லாமே இன்னும் சீக்கிரம் நடக்கும். கண்ணை மூடுவது, தாடையைத் துணியால் கட்டுவது, கை கால்களை நேராக்கிக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் விறைப்பு வருமுன் செய்ய வேண்டியவை. பெரியவர்கள் அவசரப்படுத்துவதில் காரணம் இருக்கிறது.

கண் தானத்துக்கு 6 மணி நேரம்தான். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கருவிழி பயன்படும். வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் தரலாம். கண் வங்கிக்குத் தகவல் சொன்னால் குழுவினர் வீட்டுக்கே வருவார்கள். கால் மணி, இருபது நிமிட வேலை. முகம் விகாரமாகாது. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையைத் தலையணையில் சற்று உயர்த்துங்கள், மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள். உயிரோடு இருந்தபோது அவர் எதிலும் கையெழுத்திட்டிருக்க வேண்டியதில்லை; குடும்பத்தார் சம்மதித்தாலே போதும்.

உடல் தானத்துக்கு நிபந்தனைகள் உண்டு. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைதான் உடலைப் பெற்றுக்கொள்ளும். பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலையும், சில தொற்றுநோய்களால் இறந்தவர் உடலையும் ஏற்பதில்லை. கண்ணை மட்டும் எடுத்திருந்தால் தடையில்லை. இறந்தவர் உறுதிமொழி எழுதித் தந்திருந்தாலும் வாரிசுகள் ஒப்படைத்தால்தான் நடக்கும். அதனால் விருப்பத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வைப்பது முக்கியம். சென்னையில் பிறந்த மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தானமாகத் தரப்பட்டது. 2010-இல் மறைந்த மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடலும் கொல்கத்தாவில் அப்படியே தரப்பட்டது.

உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதை. மூளைச்சாவு அடைந்த நிலையில் உறுப்புகளைத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தது. அதன்பின் எத்தனையோ எளிய குடும்பங்களின் வாசலுக்கு அரசு அதிகாரிகள் மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்கள். இந்த மரியாதைக்கு அந்தக் குடும்பங்கள் முழுத் தகுதி உடையவை.

பேஸ்மேக்கர் இருக்கிறதா? எரியூட்டுவதாக இருந்தால் டாக்டரிடமும் மயானத்திலும் கட்டாயம் சொல்லுங்கள். பேஸ்மேக்கரின் பேட்டரி உலைச் சூட்டில் வெடிக்கும்; உலை சேதமாகும், அருகில் நிற்கும் பணியாளருக்கும் ஆபத்து. முன்கூட்டியே மருத்துவமனையில் எடுத்துவிட வேண்டும். இடுப்பிலும் முழங்காலிலும் பொருத்திய டைட்டானிய மூட்டுகளால் ஆபத்தில்லை. அவை உருகாமல் சாம்பலோடு மிஞ்சும்.

அமரர் ஊர்தி இலவசம். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்தி சேவை உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இயங்குகிறது. அழைக்க வேண்டிய எண் 155377. பிணவறை வாசலில் தனியார் வண்டிக்காரர் கேட்கும் தொகையைக் கடன் வாங்கிக் கொடுக்கும் முன் இந்த எண்ணை அழையுங்கள்.

சான்றும் சட்டமும்

21 நாள் கணக்கு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி இறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஓராண்டுக்குள் என்றால் அதற்குரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவர் ஒருவரின் உத்தரவு வரை அலைய நேரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்கு மிஞ்சுவது ஐந்தே நாள்.

எங்கே பதிவது? சொந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த இடத்தில். மதுரை மருத்துவமனையில் இறந்தவரை ராமநாதபுரத்தில் அடக்கம் செய்தாலும் பதிவு மதுரையில்தான். மருத்துவமனையில் இறந்தால் நிர்வாகமே தகவல் அனுப்பும். வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர்.

டாக்டர் சான்றுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைக் கட்டணமின்றிச் சான்றளிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவ்வப்போது வந்து பார்க்கும் டாக்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். நள்ளிரவில் சான்றுக்கு அலையும் பாடு குறையும்.

பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அலைச்சல். இறப்புச் சான்றில் உள்ள பெயர் ஆதார், வங்கிக் கணக்கு, பத்திரம் ஆகியவற்றோடு ஒத்துப்போக வேண்டும். துக்கம் விசாரிக்க வந்த யாரோ ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன பெயரைப் பதிந்துவிட்டு, பிறகு திருத்தம் கேட்டு மாதக்கணக்கில் நடப்பவர்கள் நிறையப் பேர். படிவம் எழுதும்போது இறந்தவரின் ஆதார் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மயானத்தில் தரும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, சந்தேக மரணம் போன்றவற்றில் காவல்துறை விசாரணை நடந்தாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. உறவினர்கள் மறுத்தாலும் சட்டம் விடாது, விடவும் கூடாது. விபத்துக் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும்தான் குடும்பத்துக்குத் துணை.

இரவிலும் செய்யலாம். பொழுது சாய்ந்தபின் பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய நடைமுறையை ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் மாற்றியது. போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம். உறுப்பு தானம் செய்பவருக்கு முன்னுரிமை. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேகத்துக்கிடமான மரணம் ஆகியவற்றுக்கு மட்டும் பகல்தான். சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தால் அதிலும் விலக்கு உண்டு.

எரியூட்டல்

மின் மயானத்தில் எரிவது பெரும்பாலும் எரிவாயு. தமிழ்நாட்டில் நாம் மின் மயானம் என்று சொல்லும் பல இடங்களில் இருப்பது எரிவாயு உலை. மின் உலையை அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்ற வெகுநேரம் ஆகும். எரிவாயு உலை விரைவில் சூடாகும். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 760 முதல் 980 டிகிரி செல்சியஸ். உலைக்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் எரிந்து முடியும். விறகுச் சிதைக்கோ சில நூறு கிலோ விறகு தேவை.

களிமண் மூட்டம். வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசி, காற்றுக்குச் சில துளைகள் விட்டு மூட்டம் போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. மண் பூச்சு வெப்பத்தை வெளியே விடாது. குறைந்த எரிபொருளில் உடல் நிதானமாக எரியும். இதைக் கற்றுத் தேர்ந்தவர்கள் மயானப் பணியாளர்கள். அவர்களுக்குக் கூலியோடு மரியாதையும் கொடுங்கள். பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள்.

அஸ்தியில் இருப்பது எலும்பு. சதையும் நீரும் எரிந்து ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது எலும்பின் கால்சியம் பாஸ்பேட். வளர்ந்த ஒருவரின் அஸ்தி பொதுவாக இரண்டு மூன்று கிலோ இருக்கும். மேலை நாடுகளில் அதை இயந்திரத்தில் பொடியாக்கித் தருகிறார்கள். இங்கே எலும்புத் துண்டுகளாகவே பொறுக்கி, பால் தெளித்து, கலயத்தில் தருகிறார்கள். காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948 பிப்ரவரி 12 அன்று கன்னியாகுமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அதற்கு முன் கலசம் வைக்கப்பட்ட இடத்தில்தான் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது.

பெண் கொள்ளி வைக்கச் சட்டத் தடை எதுவும் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் இறந்தபோது, டெல்லியில் தீ மூட்டியவர்கள் அவர்களின் இரு மகள்கள். 2018-இல் வாஜ்பாயின் சிதைக்குத் தீ மூட்டியவர் அவருடைய வளர்ப்பு மகள். சென்னை வேலங்காடு மயானத்தின் நிர்வாகத்தைப் பெண்களே 2014-இல் ஏற்று நடத்திக் காட்டினார்கள். மகள் மட்டுமே உள்ள வீட்டில் பங்காளி வருவதற்காக உடலைக் காக்கவைக்க வேண்டியதில்லை.

அடக்கம்

சொந்த நிலத்தில் புதைக்கலாமா? கூடாது. தமிழ்நாடு ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகள், உரிமம் பெற்ற இடுகாடு, சுடுகாடு தவிர வேறிடத்தில் அடக்கம் செய்வதை அனுமதிப்பதில்லை. வீடுகளிலிருந்தும் குடிநீர் ஆதாரங்களிலிருந்தும் 90 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் உறுதிப்படுத்தியது. என் தோட்டம், என் அப்பா என்ற பாசம் நியாயமானதே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டால் புதைத்த உடலைத் தோண்டியெடுக்கும் துயரம் வரை போகலாம்.

மையவாடியில். இஸ்லாமிய முறையில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து வெள்ளைத் துணிகளால் கஃபன் இடுவது வழக்கம். ஜனாஸா தொழுகை முழுக்க நின்றபடியே நடக்கும். குனிவதும் இல்லை, சிரம் பணிவதும் இல்லை. நம் நாட்டில் கிப்லா மேற்கே இருப்பதால் தலை வடக்கும் கால் தெற்குமாக, முகம் மேற்கு நோக்க அடக்கம் செய்கிறார்கள். சந்தூக்கில் சுமந்து சென்றாலும் குழியில் இறக்குவது உடலை மட்டுமே. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே துணி, ஒரே மண்.

கத்தோலிக்கர் எரியூட்டலாமா? 1963 முதல் அனுமதி உண்டு. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. 2016-இல் வெளியான வத்திக்கான் வழிகாட்டுதல், சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இட நெருக்கடி கடுமை. குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயே அடுத்தவரை அடக்கம் செய்வது அங்கே வழக்கமாகிவிட்டது. கல்லறை உரிமைச் சீட்டு உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

எரிக்கும் வழக்கமுள்ள வீட்டிலும் புதைப்பது உண்டு. பச்சிளம் குழந்தைகளையும் துறவிகளையும் எரிப்பதில்லை. வீரசைவர்கள் உட்கார்ந்த நிலையில் சமாதி வைக்கிறார்கள். தலைவர்களிடமும் இரு வழக்கமும் உண்டு: ராஜாஜியும் காமராஜரும் எரியூட்டப்பட்டார்கள், அண்ணா, பெரியார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். கருணாநிதிக்கு மெரினாவில் இடம் கேட்ட வழக்கை உயர் நீதிமன்றம் இரவிலேயே விசாரிக்கத் தொடங்கி, 2018 ஆகஸ்ட் 8 காலையில் தீர்ப்பளித்தது. அன்று மாலையே அடக்கம் நடந்தது.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? எல்லாமே செய்தார்கள். சுடுவது, திறந்த வெளியில் இடுவது, குழி தோண்டிப் புதைப்பது, நிலவறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து முறைகளை ஒரே மயானத்தில் காட்டுகிறது மணிமேகலை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன. கீழடி மக்களின் ஈமக்காடாகக் கருதப்படுவது பக்கத்திலுள்ள கொந்தகை. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. இதுதான் தமிழர் முறை, மற்றது அல்ல என்று யாராவது சாவு வீட்டில் வாதாடினால் நம்ப வேண்டாம்.

மயானத்தில் எல்லோருக்கும் உரிமை

பாதையை மறிப்பது குற்றம். 2019 ஆகஸ்டில் வேலூர் மாவட்டத்தில், மயானத்துக்குப் போகும் பாதை அடைபட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கிய காட்சி நாட்டையே தலைகுனிய வைத்தது. உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது மயானத்தைப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஈமச்சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவில் குற்றம். செத்தபிறகும் சாதி பார்க்கும் ஊர் தன்னை ஊர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை.

தொற்றுநோயில் இறந்தாலும் மரியாதை உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் அடக்கத்தைக் கும்பல் தடுத்துத் தாக்கியது. அந்த மாதமே தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தையோ எரியூட்டலையோ தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை. இலங்கையிலோ, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அவர்கள் சமயத்துக்கு மாறாகக் கட்டாயமாக எரித்தார்கள். 2021-இல் தடை நீங்கி, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. பெற்ற பிள்ளையை மண்ணில் வைக்க முடியாமல் போன தாய்க்கு அந்த மன்னிப்பு ஈடாகுமா?

பணம்

சென்னை மாநகராட்சி மயானங்களில் கட்டணம் இல்லை. எரியூட்டுவதற்கும் அடக்கத்துக்கும் பணம் கட்டாயப்படுத்திக் கேட்டால் 1913-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். மற்ற ஊர்களில் உள்ளாட்சி நிர்ணயித்த கட்டணத்தைக் கேட்டு, ரசீதோடு கட்டுங்கள்.

பாஸ்புக்கில் 436 ரூபாய் இருக்கிறதா? இறந்தவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், 436 ரூபாய் பிடித்திருந்தால் அவர் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருக்கிறார் என்று பொருள். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் முதல் 30 நாளில் விபத்து மரணமே கணக்கு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் 2 லட்சம். கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம். காலம் கடத்தாமல் வங்கிக்குப் போங்கள்.

ஈமச் செலவுக்கு உதவி. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளி இறந்தால் ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். கட்டடத் தொழிலாளர் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களிலும் ஈமச்சடங்கு உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பித்திருக்க வேண்டும். கந்துவட்டிக்கு வாங்கிக் காரியம் செய்யும் முன் அட்டையைத் தேடுங்கள்.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைத் தொடாதீர்கள். ரகசிய எண் தெரிந்தாலும் எடுக்கக் கூடாது. நியமனதாரர் இறப்புச் சான்றோடு போய்க் கேட்பதே சரி. நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமையுள்ளவர்; சொத்துக்கு உரியவர்கள் வாரிசுகள். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் தருவார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கடல் கடந்து

வளைகுடாவில் இறந்தால்? அந்நாட்டு இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதற்குக் குடும்பத்தின் எழுத்துமூல ஒப்புதலும் கேட்பார்கள். செலவுக்கு வழியில்லாவிட்டால் தூதரகத்தில் உள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கோரலாம். 2009 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறையை அணுகலாம். நாட்டுக்குள் உடலைக் கொண்டுவரும் அனுமதியை விரைவாக்க 2023 ஆகஸ்டில் தனி இணையதளமும் வந்துவிட்டது.

சிங்கப்பூரில் கல்லறைக்கு 15 ஆண்டு. அங்கே இன்று அடக்கத்துக்குத் திறந்திருக்கும் மயானம் சுவா சூ காங் மட்டுமே. 15 ஆண்டு முடிந்ததும் தோண்டியெடுப்பார்கள். எரியூட்ட அனுமதிக்காத சமயத்தவரின் எச்சங்களைச் சிறிய குழிகளில் மறுபடி அடக்கம் செய்வார்கள்.

தண்ணீரிலும் தகனம். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் உடல் 2022 தொடக்கத்தில் தீயில்லாமல், சூடான காரநீரில் கரைக்கப்பட்டது. எலும்பு மட்டும் மிஞ்சும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-இல் உடலை உரமாக்கும் முறைக்குச் சட்ட அனுமதி தந்தது.

இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்

எரிப்பதா, புதைப்பதா? கண் தானம், உடல் தானம் உண்டா? கொள்ளி வைப்பவர் யார்? என்ன சடங்கு வேண்டும், என்ன வேண்டாம்? அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம்? ஆதார், பாஸ்புக், காப்பீடு, நல வாரிய அட்டை எங்கே இருக்கின்றன? நியமனதாரர் யார்? முதலில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பதிலை எழுதி, குடும்பத்தில் இரண்டு பேரிடம் கொடுங்கள். உங்கள் அப்பா அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். பெற்றவர்களிடம் இதைக் கேட்பது அபசகுனம் அல்ல. அவர்கள் விரும்பியபடி வழியனுப்ப நமக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்புதான்.